வண்டி ஒன்று, ஆர்சி வேறொன்று

சொந்தக் கையால் வண்டி கட்டும் ஆசை நம் ஊருக்குப் புதிதல்ல. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு 1952இல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். இரண்டாயிரம் ரூபாய்க்குத் தரலாம் என்றிருந்த அந்தக் கார், அரசு உரிமம் தராததால் நின்றுபோனது. அதே கோவையில் எஸ். கரிவரதன் பந்தயக் கார்களைக் கட்டினார். செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் இன்றைக்கும் அவர் பெயரில் இருக்கிறது. பொறியியல் கல்லூரி மாணவர்கள் ஆண்டுதோறும் இரும்புக் குழாய்களை வெல்டு செய்து போட்டிக்கு வண்டி கொண்டுபோகிறார்கள். சென்னையில் மிதிவண்டிச் சக்கரங்களோடு பழைய பைக் என்ஜினைச் சேர்த்தால் மீன்பாடி வண்டி ஆகிவிடுகிறது. பழைய ஜீப்பின் உடம்பை அறுத்து, வேறு என்ஜினும் அகலமான டயரும் போட்டுத் தரும் பட்டறைகளும் இருக்கின்றன. இந்த வண்டிகளை வைத்திருப்பவர்கள் ஒரு கட்டத்தில் கேட்பது, 'இதற்கு இன்சூரன்ஸ் போட முடியுமா?' என்பதுதான். பதிவு எண் இருந்தால், போடுவது பெரும்பாலும் கஷ்டமில்லை. கைபேசியில் பதிவு எண்ணைத் தட்டி, பணம் கட்டினால் ஐந்து நிமிடத்தில் பாலிசி வந்துவிடும். விபத்து நடந்த பிறகு அந்தப் பாலிசி தாங்குமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. பாலிசி எழுதப்படுவது ஆர்சியில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழில், உள்ள விவரங்களை நம்பி. ஆர்சி சொல்லும் வண்டியும் தெருவில் ஓடும் வண்டியும் எவ்வளவு தூரம் விலகுகின்றனவோ, அவ்வளவு தூரம் அந்தப் பாதுகாப்பும் விலகிப் போகிறது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆவது பிரிவு, பொது இடத்தில் ஓடும் எந்த மோட்டார் வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்கிறது. மூன்றாம் நபர் என்றால் உங்கள் வண்டியால் அடிபடக்கூடிய யாரோ ஒருவர். அவருடைய மரணத்துக்கோ காயத்துக்கோ தரவேண்டிய இழப்பீட்டுக்கு மேல்வரம்பு கிடையாது. காரின் பாலிசியில் பொருள் சேதத்துக்கு மட்டும் ஏழரை லட்சம் ரூபாய் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். தொழிற்சாலையில் செய்த காருக்கு இந்தக் காப்பீடு வாங்குவதில் சிக்கலே இல்லை. டீலர் தரும் விற்பனைச் சான்று படிவம் 21. வண்டி சாலைக்குத் தகுதியானது என்று தயாரிப்பாளர் தரும் சான்று படிவம் 22. இவற்றோடு சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் வைத்தே பாலிசி எழுதப்படுகிறது; அந்தப் பாலிசியைக் காட்டித்தான் ஆர்டிஓ அலுவலகத்தில் பதிவு நடக்கிறது. கொட்டகையில் கட்டிய காருக்குத் தயாரிப்பாளரும் இல்லை, டீலரும் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதி 126, சாலைக்கு வரும் ஒவ்வொரு மாடலின் முன்மாதிரியும் அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் சோதிக்கப்பட வேண்டும் என்கிறது. புனேயின் ஏஆர்ஏஐ, மானேசரின் ஐகேட், நம் ஒரகடத்தில் உள்ள ஜிஏஆர்சி ஆகியவை அப்படிப்பட்ட நிலையங்கள். ஆயிரக்கணக்கில் வண்டி செய்யும் கம்பெனியை மனத்தில் வைத்து எழுதிய விதி இது. ஒரே ஒரு வண்டி செய்தவருக்கு அந்தச் சோதனைகளின் செலவு வண்டியின் விலையையே விழுங்கிவிடும். ஆக, இன்சூரன்ஸ் கம்பெனியின் வாசலுக்குப் போகும் முன்பே கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. பலர் கம்பெனியைத் திட்டுகிறார்கள். தடை அங்கே இல்லை.

'என்னுடையது மோட்டார் வாகனமே இல்லை, என்ஜின் வைத்த மிதிவண்டி' என்று சொல்லித் தப்பிக்க முடியுமா? சட்டத்தின் 2(28) பிரிவு ஒரு சிறு விலக்குத் தருகிறது. நான்குக்குக் குறைந்த சக்கரங்களும் 25 சிசிக்கு மேற்படாத என்ஜினும் கொண்ட வண்டி மோட்டார் வாகனம் ஆகாது. ஆனால் பஜாஜ் எம்80 போன்ற சின்ன வண்டியின் என்ஜினே ஏறத்தாழ 75 சிசி. அதைப் பெயர்த்து மூன்று சக்கரத் தள்ளுவண்டியில் பொருத்திய நொடியில், பதிவும் ஓட்டுநர் உரிமமும் காப்பீடும் தேவைப்படும் வாகனமாகிவிடுகிறது அது. வட இந்தியாவில் தண்ணீர் இறைக்கும் டீசல் என்ஜினை மரச்சட்டத்தில் ஏற்றி ஆட்களையும் சரக்கையும் ஏற்றிப்போகும் 'ஜுகாட்' வண்டிகள் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2013 மே மாதத் தீர்ப்பில், ஜுகாடும் மோட்டார் வாகனம்தான், பதிவும் காப்பீடும் இல்லாமல் அது ஓடக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏழைகளின் பிழைப்புக்கு எதிரான தீர்ப்பு இது என்று ஒரு வாதம் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனால் அந்த வண்டி மோதிக் கால் இழக்கும் கூலித் தொழிலாளியும் ஏழைதான். வண்டிக்காரரிடம் சொத்து இல்லை, பின்னால் கம்பெனியும் இல்லை என்றால், மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் எழுதித் தரும் இழப்பீட்டுத் தொகை அந்தத் தொழிலாளியின் கைக்கு வரவே வராது.

புதிதாகக் கட்டுகிறவர்களைவிட, இருக்கிற வண்டியை மாற்றுகிறவர்கள் பல மடங்கு அதிகம். அவர்களைத் தொடுவது 52ஆவது பிரிவு. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக ஆர்சி விவரங்கள் போகும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை இறுக்கமாகவே படித்தது. மாநில விதி தளர்வாக இருந்தாலும் மத்தியச் சட்டத்தின் தடையை அது மீற முடியாது என்றது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதிக்கப்படாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சேஸிஸை நீட்டுவது, குறைப்பது, உடலமைப்பை மாற்றுவது, இருக்கைகளைக் கூட்டுவது, வேறு ரக என்ஜின் வைப்பது எல்லாம் இதில் அடங்கும். சீட் உறை, மியூசிக் சிஸ்டம் போன்றவை அடங்காது. வண்ணம் மாற்றலாம், ஆர்சியில் பதிய வேண்டும். அதே தயாரிப்பின் அதே ரக என்ஜினை மாற்றவும் அனுமதி வாங்கிக்கொண்டால் வழியுண்டு.

கிளைம் போடும் நாளில் நடப்பதைக் கிட்டத்தில் பார்த்தால், ஆர்சிக்கும் வண்டிக்கும் உள்ள பொருத்தம் ஏன் இத்தனை முக்கியம் என்று புரியும். சர்வேயர் பட்டறைக்கு வருகிறார். நசுங்கிய பம்பரைப் பார்க்கும் முன்பே பானெட்டைத் தூக்கி சேஸிஸ் எண் பொறித்த இடத்தைத் துடைக்கிறார். அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுக்கிறார், அல்லது கைபேசியில் படம் பிடிக்கிறார். என்ஜின் எண், இருக்கைகளின் எண்ணிக்கை, எரிபொருள், வண்ணம் என்று ஆர்சியோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறார். எண்ணைச் சுற்றி வெல்டிங் தழும்பு தெரிந்தாலோ, ஒரு எழுத்து மற்றவற்றைவிடச் சற்றுச் சாய்ந்திருந்தாலோ அறிக்கையின் தொனியே மாறிவிடும். பழைய இரும்புக்குப் போன ஜீப்பின் ஆர்சியை மட்டும் வாங்கிவைத்துக்கொண்டு, அந்த எண்ணைப் புதிதாகக் கட்டிய சட்டத்தில் பொறிப்பது சில பட்டறைகளில் நடக்கும் வேலை. அது காப்பீட்டு விதிமீறலோடு நிற்காது. ஆவணமோசடிக் குற்றமாகி, உரிமையாளரைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகும். பதிவே இல்லாத வண்டிக்கு என்ன நிலை என்பதையும் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. 2014இல் நரீந்தர் சிங் வழக்கில் தற்காலிகப் பதிவு காலாவதியான வண்டி விபத்தில் சிக்கியது. 2021இல் சுஷீல் குமார் கோதாரா வழக்கில் அதே நிலையில் இருந்த வண்டி திருடுபோனது. இரண்டிலும் பாலிசி நடப்பில் இருந்தது, பிரிமியம் கட்டியாகிவிட்டது. இருந்தும், பதிவில்லாமல் பொது இடத்தில் வண்டியைப் பயன்படுத்தியது ஒப்பந்தத்தின் அடிப்படையையே மீறுவது என்று சொல்லி, பணம் தர வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். கம்பெனியில் வாங்கிய வண்டிக்கே, பதிவு தாமதமான ஒரே காரணத்துக்கு இந்தக் கதி என்றால், ஒருபோதும் பதிவாகாத வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு மறுப்பு வரும். 'என் வண்டிக்குச் சேதமானால் நான் பார்த்துக்கொள்கிறேன். மூன்றாம் நபருக்குக் கம்பெனி கொடுத்துத்தானே ஆக வேண்டும்? சட்டமே அப்படித்தானே?' பாதி சரி. 150ஆவது பிரிவு, மூன்றாம் நபருக்கு எதிராகக் கம்பெனி சொல்லக்கூடிய காரணங்களைச் சுருக்கமான பட்டியலாக வைத்திருக்கிறது; வண்டியை மாற்றியமைத்தது என்பது அதில் தனியாக இல்லை. ஆனால் முக்கியமான உண்மையை மறைத்தோ தவறாகச் சொல்லியோ பாலிசி வாங்கியிருந்தால் அது செல்லாது என்ற காரணம் இருக்கிறது. 2004இன் ஸ்வரண் சிங் வழக்கிலிருந்து வேரூன்றிவிட்ட நடைமுறை ஒன்றும் உண்டு: பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கொடு, பிறகு வண்டிக்காரரிடமிருந்து வசூல் செய்துகொள். அதே ஆண்டின் நஞ்சப்பன் வழக்கு, அந்த வசூலுக்குக் கம்பெனி தனி வழக்குப் போட வேண்டாம், அதே தீர்ப்பாயத்தில் நிறைவேற்று மனு போட்டால் போதும் என்று வழியைச் சுருக்கிவிட்டது. குடும்பத்தின் ஒரே வருமானக்காரர் இறந்துபோன வழக்குகளில் இழப்பீடு பல லட்சங்களில் போகும். அந்தத் தொகைக்கு உங்கள் வீட்டையே ஜப்தி செய்யலாம். ஆகவே 'கம்பெனி கொடுத்துவிடும்' என்பது அடிபட்டவருக்கு ஆறுதல். வண்டி கட்டியவருக்கு அது வட்டியோடு திரும்பி வரக்கூடிய கடன்.

இன்னொரு மறுப்பு இதைவிடப் பரவலானது. 'ஏஜென்ட் பார்த்தார், கம்பெனி மூன்று வருடமாகப் பணம் வாங்குகிறது. இப்போது மட்டும் ஏன் குறை சொல்கிறது?' கோபம் புரிகிறது. ஆனால் காப்பீட்டு ஒப்பந்தத்தில் உண்மையைச் சொல்லும் கடமை, கேட்பதற்கு முன்பே, வாங்குபவர் மேல் இருக்கிறது. கைபேசியில் எடுத்த பாலிசிக்கு யாரும் வண்டியை வந்து பார்ப்பதில்லை. பதிவு எண்ணைப் போட்டதும் அரசின் வாகன் தரவுத்தளத்தில் உள்ள விவரம்தான் வந்து நிற்கும். பணம் வாங்கியது அந்த விவரத்துக்கு. அதே சமயம் வாடிக்கையாளர் பக்கம் வலுவாக நிற்கும் ஒரு சந்தர்ப்பமும் உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை. பாலிசி காலாவதியாகிப் புதுப்பிக்கும்போது கம்பெனி ஆய்வாளரை அனுப்பும், அல்லது வண்டியைச் சுற்றிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லும். மாற்றம் கண்ணுக்குத் தெரியும் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் பாலிசி கொடுத்தார்கள் என்றால், தெரிந்தே ஏற்றுக்கொண்டார்கள் என்று பின்னால் வாதாடலாம். அந்தப் படங்களையும் அனுப்பிய தேதியையும் பத்திரமாக வைத்திருங்கள். ஏஜென்டிடம் வாய்வார்த்தையாகச் சொன்னது நிற்காது. கம்பெனியின் மின்னஞ்சலுக்கு எழுதியது நிற்கும்.

விபத்துக்கும் மாற்றத்துக்கும் தொடர்பே இல்லை என்ற வாதத்துக்கு நீதிமன்றங்கள் ஓரளவு காது கொடுத்திருக்கின்றன. சொந்த உபயோகக் காரை வாடகைக்கு ஓட்டியபோது திருடுபோன வழக்கு ஒன்றில், 2008இல் உச்ச நீதிமன்றம், அந்த மீறலுக்கும் திருட்டுக்கும் சம்பந்தமில்லை, முழுக்க மறுக்கக் கூடாது என்றது. 2010இல் அமலேந்து சாஹு வழக்கில், நிபந்தனை மீறல் இருந்தாலும் ஒப்புக்கொள்ளத்தக்க கிளைமில் 75 சதவீதம் வரை தரும் நடைமுறையைப் பின்பற்றச் சொன்னது. ஆகவே வேறு அளவு அலாய் வீல் போட்டிருக்கிறது, நின்றுகொண்டிருந்த காரைப் பின்னாலிருந்து லாரி இடித்தது என்றால், முழு மறுப்புக் கடிதத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டியதில்லை, போராட இடமுண்டு. பிரேக்கை மாற்றியவர் பிரேக் பிடிக்காமல் மோதினால் அந்த இடம் இல்லை. நடுவில் கிடக்கும் வழக்குகளில் என்ன ஆகும் என்பது, எவ்வளவு மாற்றினீர்கள், எவ்வளவு சொன்னீர்கள் என்ற இரண்டையும் பொறுத்தது.

சட்டம் எல்லா மாற்றத்தையும் தடுத்துவிடவில்லை. பெட்ரோல் காரை எல்பிஜி, சிஎன்ஜி அல்லது மின்சாரத்துக்கு மாற்ற 52ஆவது பிரிவே இடம் தருகிறது. கிட் அங்கீகரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும், அந்த மாடலுக்கு ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும், பொருத்துபவருக்கு அனுமதி இருக்க வேண்டும். பொருத்திய சான்றோடு ஆர்டிஓ அலுவலகம் போனால் எரிபொருள் விவரத்தை ஆர்சியில் மாற்றித் தருவார்கள். அந்த ஆர்சியைக் கம்பெனிக்கு அனுப்பி, கிட்டின் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரிமியம் கட்டி, பாலிசியில் எண்டார்ஸ்மென்ட் வாங்குவது கடைசிப் படி. இந்தக் கடைசிப் படியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்; ஆர்சி மாறியிருக்கும், பாலிசியில் இன்னமும் பெட்ரோல் என்றே இருக்கும். சமையல் காஸ் சிலிண்டரை ஆம்னி வேனின் பின் இருக்கைக்கு அடியில் தள்ளி ஓட்டுகிறவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை: தீப்பிடித்தால் காப்பீடும் இல்லை, அதைப் பற்றிக் கவலைப்பட ஆளும் இருப்பது சந்தேகம்.

இதைவிட முக்கியமானது மாற்றுத்திறனாளிகளின் வண்டி. ஸ்கூட்டருக்கு இரண்டு பக்கச் சக்கரம் வைப்பதும், காரில் கால் வேலையைக் கைக்குக் கொண்டுவருவதும் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் நடக்கிறது. சட்டம் இதைத் தனி உரிமையாகவே பார்க்கிறது. மற்றவர்கள் முதலில் அனுமதி வாங்க வேண்டும். மாற்றுத்திறனாளியின் தேவைக்காக வண்டியைத் தகவமைப்பவர் வேலையை முடித்துவிட்டுப் பின்னர் ஒப்புதல் பெறலாம், 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்தால் போதும். ஆர்சியில் அந்தக் குறிப்பு ஏறியதும் இன்னொரு உரிமை பிறக்கிறது. தகவமைக்கப்பட்ட வண்டிகளுக்குச் சொந்தச் சேதப் பிரிமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி தரும் ஷரத்து, ஐஎம்டி 12 என்ற பெயரில், இந்திய மோட்டார் டாரிஃபில் இருக்கிறது. கவுண்டரில் இருப்பவர் தானாகச் சொல்ல மாட்டார், கேட்டுத்தான் வாங்க வேண்டும். பக்கச் சக்கரம் வைத்துப் பல வருடம் ஓட்டியும் ஆர்சியில் ஏற்றாமல் இருப்பவர்கள், தள்ளுபடியை இழந்ததோடு, தங்கள் கிளைமைத் தாங்களே பலவீனப்படுத்தி வைத்திருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் சங்கங்கள் ஒரு நாள் முகாம் நடத்தி ஆர்டிஓ அதிகாரியை அழைத்தாலே தீரக்கூடிய விஷயம் இது. ஐம்பது வயது தாண்டிய பழைய வண்டிகளுக்கும் 2021 முதல் தனிப் பதிவு முறை இருக்கிறது. ஆனால் சேஸிஸ், உடல், என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு மட்டும். தோலைப் பழையதாக வைத்துக்கொண்டு உள்ளே புது என்ஜினைப் புகுத்தியவர்களுக்கு அந்த வழி இல்லை.

'பிரிட்டனில் தெருவுக்குத் தெரு சொந்தக் கையால் கட்டிய கார் ஓடுகிறதே' என்பது கார்ப் பிரியர்களின் பிரியமான மறுப்பு. ஓடுகிறது. லோட்டஸ் செவன் காரின் உரிமையை 1973இல் வாங்கிய கேட்டர்ஹாம் இன்றும் அதைப் பாகங்களாகப் பெட்டியில் விற்கிறது. வாங்குபவர் வீட்டு ஷெட்டில் கோக்கிறார். ஆனால் அங்கேயும் காப்பீடு கட்டாயம்தான், அங்கேயும் கம்பெனி கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவதில்லை. 2009 முதல் ஐவிஏ என்ற தனி வாகனச் சோதனை இருக்கிறது. அரசு ஆய்வாளர் அந்த ஒரே காரைப் பிரித்து மேய்கிறார்: பிரேக், விளக்கு, புகை, சீட் பெல்ட் பிடிப்பு, வேகமானி துல்லியம், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கூர்மையான விளிம்பு வரைக்கும். தேறினால் பதிவு எண் கிடைக்கும். பாகங்களின் வயதோ பிறப்போ தெளிவாக இல்லையென்றால் 'கியூ' என்ற எழுத்தில் தொடங்கும் எண் பலகை மாட்டப்படும். கட்டிக்கொண்டிருக்கும்போதே ஷெட்டில் தீயோ திருட்டோ நேர்ந்தால் ஈடு தரும் பாலிசி உண்டு. சோதனைக்கு ஓட்டிப் போகும் நாளுக்குச் சேஸிஸ் எண்ணை வைத்தே காப்பீடு தருவார்கள். சோதனை முடிந்தபின், பில்களையும் புகைப்படங்களையும் பார்த்து முன்கூட்டியே பேசி முடித்த மதிப்பில் பாலிசி எழுதுவார்கள். அந்த நாட்டுக் கம்பெனிகள் நம் கம்பெனிகளைவிடத் தைரியசாலிகள் என்று நினைக்கக் காரணமில்லை. அரசு முதலில் வண்டியைப் பார்த்து 'இது இன்ன வண்டி' என்று எழுதிக் கொடுத்துவிட்டது. கம்பெனிக்கு விலை போடுவது மட்டும்தான் மிச்சம். நம் ஊரில் இல்லாதது அந்த முதல் படி. 2019 திருத்தம் மாற்றங்களுக்கான நிபந்தனைகளை வகுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்திருக்கிறது. சோதனை நிலையங்களும் இருக்கின்றன. ஒற்றை வண்டிக்கு, தாங்கக்கூடிய கட்டணத்தில், ஒரு சோதனை முறையைக் கொண்டுவா என்று கேட்பது நியாயமான கோரிக்கை. பைக்கில் வீலிங் செய்கிறவர்களுக்கும் பொறுப்போடு வண்டி கட்டுகிறவர்களுக்கும் வித்தியாசம் பார்க்காத சட்டம், இருவரையும் திருட்டுத்தனமாக ஓட்டவே பழக்குகிறது. அந்த முறை வரும்வரை, சொந்தமாகக் கட்டிய காருக்கு இடம் மூடிய தடமும் தனியார் நிலமும்தான். அங்கே 146ஆவது பிரிவின் கட்டாயம் இல்லை. ஆனால் ஓட்டுபவருக்கும் பார்வையாளருக்கும் ஏற்பாட்டாளர் தனி விபத்துக் காப்பீடு எடுத்திருக்கிறாரா என்று கல்லூரி நிர்வாகமும் பெற்றோரும் கேட்பது அவசியம்.

கிளைம் மறுக்கப்பட்டால் முதலில் கேட்க வேண்டியது மறுப்புக் கடிதம், எழுத்தில், பாலிசியின் எந்த ஷரத்தின்படி மறுக்கிறார்கள் என்ற விவரத்தோடு. சர்வேயர் அறிக்கையின் நகலையும் கேளுங்கள். பிறகு கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா இணையதளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகாரைப் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரையான தகராறுகளைப் பார்ப்பார்கள், கம்பெனி மறுத்த ஓராண்டுக்குள் போக வேண்டும். அவர் தரும் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. பிடிக்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டாண்டு அவகாசம் இருக்கிறது. ஆனால் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டுக் குறைதீர்ப்பாளரிடம் வந்தால் எடுக்க மாட்டார்கள், வரிசையை மாற்றிவிடாதீர்கள். எங்கே போனாலும் முதலில் கேட்கப்படுவது, மாற்றத்தை எப்போது, யாருக்கு, எழுத்தில் தெரிவித்தீர்கள் என்பதே.

காப்பீடில்லாத, கையால் கட்டிய வண்டி மோதி அடிபட்டவர் அந்த வண்டிக்காரரிடம் நூறு, இருநூறுக்குச் சமரசம் பேசிவிட்டு வருவது வழக்கமாகிவிட்டது. அவருக்கு உரிமைகள் இருக்கின்றன. 2025இல் வந்த மத்திய அரசின் திட்டப்படி, சாலை விபத்தில் காயம்பட்டவருக்கு ஏழு நாள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள் பணமில்லாச் சிகிச்சை உண்டு. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 முதல் இருக்கிறது. இரண்டுமே மோதிய வண்டிக்குப் பாலிசி இருந்ததா என்று பார்த்துச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதில்லை. யார் தவறு என்று நிரூபிக்காமலே, மரணத்துக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் கோர 164ஆவது பிரிவு வழிசெய்கிறது. வண்டி அடையாளம் தெரியாமல் ஓடிவிட்டால் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம் அரசு நிதியிலிருந்து. மீன்பாடி வண்டியில் எண் பலகை இருக்காது என்பதால், அந்த இடத்திலேயே வண்டியையும் என்ஜினையும் படம் எடுப்பதும், காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதியவைப்பதும் பின்னால் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

கடைசியாக, மாற்றியமைத்த வண்டியைத் தானே கட்டாமல் வாங்குகிறவர்கள். ஏமாறுவதில் பெரும்பங்கு இவர்களுடையதுதான். கட்டியவருக்காவது தான் செய்தது என்னவென்று தெரியும். முன்பணம் கொடுக்கும் முன் ஆர்சியைக் கையில் வாங்கி, உற்பத்தி ஆண்டு, உடல் ரகம், இருக்கை, எரிபொருள், என்ஜின் கொள்ளளவு ஆகியவற்றை வண்டியோடு ஒப்பிடுங்கள். நான்கு வருட டீசல் என்ஜின் ஓடும் ஜீப்புக்கு 1980களின் பெட்ரோல் ஆர்சி இருந்தால் அதற்குமேல் விசாரிக்க வேண்டியதில்லை. விற்பவர் பெயரில் உள்ள பாலிசி 'ஓடிக்கொண்டிருக்கிறது' என்பது பாதி உத்தரவாதம்தான்: மூன்றாம் நபர் பாதுகாப்பு வண்டியோடு வரும், சொந்தச் சேதப் பாதுகாப்பு உங்கள் பெயருக்கு மாற்றிய பிறகே வரும், அதற்கு 14 நாள் அவகாசம். அந்த மாற்ற விண்ணப்பத்தோடு வண்டியின் இப்போதைய படங்களையும் இணைத்துக் கம்பெனிக்கு அனுப்புங்கள். சேஸிஸ் எண்ணைப் பென்சிலில் பிரதி எடுக்க வேண்டும் என்று சொன்னதும் 'அதெல்லாம் எதுக்குண்ணே, பேப்பர் கிளியரா இருக்கு' என்று விற்பவர் இழுத்தால், அந்தப் பிரதியை எடுக்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.